அவசரப் பிரிவில் டாக்ஸிகாலஜி படித்த டாக்டரை எங்கே தேடுவது?

பிடோக் வாசகி · 11 அக்டோபர் 2025, இரவு 9.40

சிங்கப்பூர் மருத்துவக் கவுன்சில் (எஸ்எம்சி) தளத்தில் டாக்டர் தேடும் பக்கத்தில் ஸ்பெஷாலிட்டி பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாச்சு. டாக்ஸிகாலஜி, அதாவது நச்சு மருத்துவம், என்று ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் எமர்ஜென்சி டாக்டர்களே இதைத் தனியாகப் படித்து வருகிறார்களாம். சிங்கப்பூரில் அப்படி ஆளே கிடையாது என்றுதான் தோன்றுகிறது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கேட்பதற்குக் காரணம் இரண்டு. வீட்டில் இரண்டு வயசுப் பிள்ளை, பூஜை மாடத்தில் கற்பூரம். மாமியார் ஊரிலிருந்து வரவழைத்த செந்தூரம் என்ற நாட்டு மருந்து சாப்பிடுகிறார். முதலாவதற்கு அவசரத்தில் யாரைப் பிடிப்பது, இரண்டாவதற்கு நிதானமாக யாரைப் பார்ப்பது?

இரவுப்பணி · 11 அக்டோபர், இரவு 11.15

ஆள் இருக்கிறார்கள், பட்டியலில் தனிப் பெட்டிதான் இல்லை. சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் இருப்பது எமர்ஜென்சி மெடிசின். அதற்கு மேல் டாக்ஸிகாலஜியில் பயிற்சி எடுத்தவரும் வெளியே வெறும் எமர்ஜென்சி ஸ்பெஷலிஸ்டாகத்தான் தெரிவார். பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களிலும் கவுன்சில் காட்ட அனுமதித்தவைதான் ஏறும்.

தேட வேண்டியது அந்தந்த ஆஸ்பத்திரியின் சொந்தத் தளத்தில். அவசர மருத்துவத் துறை, அதற்குள் டாக்டர்கள் பக்கம், ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஈடுபாடுள்ள துறை என்று ஒரு வரி வரும். ஒருவருக்கு அல்ட்ராசவுண்ட், ஒருவருக்குப் பேரிடர் மருத்துவம், ஒருவருக்கு டாக்ஸிகாலஜி. சுகாதார அமைச்சின் எச்எம்டிபி என்ற பயிற்சித் திட்டத்தின் உதவியோடு வெளிநாட்டில் பயிற்சி எடுத்துத் திரும்புவது இங்கே இருக்கும் வழிகளில் ஒன்று. எங்கே, எந்த மையத்தில் என்று சுயவிவரத்தில் போட்டிருப்பார்கள்.

ஆனால் இதெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள மட்டும். பிள்ளை எதையோ விழுங்கிவிட்டது என்றால் பெயர் தேடிக்கொண்டு உட்காரக் கூடாது. மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல், வாய் வெந்திருப்பது என எது இருந்தாலும் அவசர ஆம்புலன்ஸுக்கு 995. பிள்ளை நன்றாக இருந்தால் டாக்சியில் கேகே குழந்தைகள் ஆஸ்பத்திரி. டாக்ஸிகாலஜிஸ்ட் கவுண்டரில் உட்கார்ந்திருக்க மாட்டார். பணியில் இருக்கும் டாக்டர் முதலில் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்துவார், தேவைப்பட்டால் போனில் டாக்ஸிகாலஜிஸ்டைப் பிடிப்பார். நோயாளியின் குடும்பம் நேரே அவரைக் கூப்பிட வழி இல்லை, அவசியமும் இல்லை.

பொதுவாசகன் · 12 அக்டோபர், காலை 7.02

ஆக கல்யாணத் தரகர் மாதிரி. முகம் தெரியாது, எல்லாம் போனிலேயே முடியும்.

மருந்துச்சீட்டு · 12 அக்டோபர், காலை 8.30

தரகருக்கு ஜாதகம் சரியாக இருக்கணும். அந்தப் போன் அழைப்பு உருப்படியாக அமைவது நீங்கள் கொண்டுபோகும் தகவலைப் பொறுத்தது. டாக்டர் கேட்கப் போவது ஐந்தே கேள்வி: என்ன, எவ்வளவு பலம், எத்தனை, எத்தனை மணிக்கு, உடல் எடை எவ்வளவு.

‘வெள்ளை மாத்திரை’ என்பது பதில் இல்லை. அட்டையையே எடுத்துப் போங்கள், காலியானதையும் சேர்த்து. எத்தனை குழி காலி என்று எண்ணினால்தான் அதிகபட்சம் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட முடியும். கணக்கு எப்போதும் மோசமான பக்கத்திலிருந்துதான் தொடங்கும்: காணாமல் போனது முழுதும் வயிற்றுக்குள் என்று வைத்துக்கொண்டு. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாடியிருந்தால் முழு எண்ணிக்கையையும் ஒவ்வொருவர் தலையிலும் போடுவார்கள். அது அதீத எச்சரிக்கையாகப் படும், ஆனால் அதுதான் முறை.

நேரம்தான் அதிகம் தப்பாகச் சொல்லப்படுவது. கண்டுபிடித்த நேரத்தைச் சொல்வார்கள். வேண்டியது கடைசியாகப் பிள்ளையை ஒழுங்காகப் பார்த்த நேரமும், கண்டுபிடித்த நேரமும், இரண்டும்.

வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை இருக்கிறது என்பதும் வேண்டும். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பாட்டியின் பிரஷர் மாத்திரை இரண்டிலும் சில வகைகள் சிறு பிள்ளைக்கு ஒன்றே போதும் ஆபத்துக்கு. பாலிகிளினிக் கொடுத்த மருந்துப் பட்டியல் ஹெல்த்ஹப் செயலியில் இருக்கும், படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செடி என்றால் இலை, பூ, காய் மூன்றும் உள்ள கிளையாக. காளான் என்றால் காகிதப் பையில், பிளாஸ்டிக்கில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். பூச்சி மருந்து பாட்டில் என்றால் மூடி இறுக்கி, இரண்டு பைக்குள். வண்டிக்குள் எல்லாரும் அதை முகர்ந்துகொண்டு போக வேண்டாம்.

பிடோக் வாசகி · 12 அக்டோபர், மதியம் 1.20

இணையத்தில் ‘சிங்கப்பூர் பாய்சன் லைன்’ என்று ஒரு எண் கிடைக்கிறதே, அது?

இரவுப்பணி · 12 அக்டோபர், மதியம் 2.05

2004-ல் எஸ்ஜிஎச்சில் (சிங்கப்பூர் பொது மருத்துவமனை) மருந்து, நச்சுத் தகவல் மையம் ஒன்று தொடங்கினார்கள். அந்தக் காலத்துப் பக்கங்கள் இன்னமும் மிதந்துகொண்டிருக்கின்றன. பழைய பக்கத்தில் பார்த்த எண்ணைப் போட்டு மணி அடிக்கிறதா என்று காத்திருப்பதற்கு 995-ஐப் போடலாம். 1777 அவசரமில்லாத, காசு கட்டும் ஆம்புலன்ஸ். விஷம் என்று சந்தேகம் வந்த பிறகு அதைக் கூப்பிடாதீர்கள். 995 வண்டி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ‘டாக்ஸிகாலஜி டாக்டர் இருக்கிற இடத்துக்குப் போங்க’ என்று பேரம் பேச நேரமில்லை.

வண்டி வரும்வரை: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, தொண்டையில் விரல், ஒன்றும் வேண்டாம். உப்புத் தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே தனி நோயாகும். காரமோ அமிலமோ விழுங்கியிருந்தால் வாந்தி அதே உணவுக்குழாயை இரண்டாம் முறை வேகவைக்கும். தின்னர், மண்ணெண்ணெய் என்றால் வாந்தியின்போது நுரையீரலுக்குள் போய்விடும், அங்கேதான் அது கொல்லும். வாயில் மிச்சம் இருந்தால் துடைத்தெடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம், இமையை விரித்துப் பிடித்து.

கரித்தூள் கொடுப்பார்களா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். ஆக்டிவேட்டட் சார்கோல் பெரியவருக்கு 50 கிராம், விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் பலன். இரும்பு மாத்திரை, லித்தியம், சாராய வகைகள், அமிலம், காரம் எதையும் அது பிடிக்காது. தெம்பில்லாதவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

மருந்துச்சீட்டு · 12 அக்டோபர், மாலை 6.48

ஒரு மணி நேரம் என்பதில் சிறு திருத்தம். மெதுவாகக் கரையும் மாத்திரைகளுக்கும், குடல் அசைவை மந்தமாக்கும் மருந்துகளுக்கும் அதைத் தாண்டியும் கொடுப்பதுண்டு. இந்த மாதிரி ‘இப்போ கொடுக்கலாமா, வேண்டாமா’ இடத்தில்தான் டாக்ஸிகாலஜிஸ்டின் கருத்து காசு பெறும். மீதி நேரம் நல்ல எமர்ஜென்சி டாக்டரே போதும்.

பாதி_அமெரிக்கா · 13 அக்டோபர், காலை 10.10

அமெரிக்கா பற்றி முதல் பதிவில் வந்ததால்: அங்கே மெடிக்கல் டாக்ஸிகாலஜி 1992-லிருந்து அங்கீகரிக்கப்பட்ட துணைச் சிறப்புத் துறை. எமர்ஜென்சி மெடிசின், குழந்தை மருத்துவம், தடுப்பு மருத்துவம் என்ற மூன்று போர்டுகள் சேர்ந்து நடத்துகின்றன. ரெசிடென்சி முடித்த பின் இரண்டு வருட ஃபெலோஷிப், பிறகு தேர்வு. வருகிறவர்களில் பெரும்பாலோர் எமர்ஜென்சிக்காரர்கள்தான். ஒருவர் தேறினாரா என்பதை ‘சர்டிஃபிகேஷன் மேட்டர்ஸ்’ தளத்தில் யாரும் பெயர் போட்டுப் பார்க்கலாம்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் ஏமாறாதீர்கள்:

எஃப்ஏசிஎம்டி: அமெரிக்க மெடிக்கல் டாக்ஸிகாலஜி கல்லூரியின் ஃபெலோ. இவர் டாக்டர்.

எஃப்ஏஏசிடி: அமெரிக்க கிளினிக்கல் டாக்ஸிகாலஜி அகாடமியின் ஃபெலோ. டாக்டராகவும் இருக்கலாம், மருந்தாளராகவும் இருக்கலாம்.

டிஏபிஏடி: அப்ளைடு டாக்ஸிகாலஜி போர்டு. நச்சு மையங்களில் இருக்கும் மருந்தாளர்கள், விஞ்ஞானிகள். போனில் பேச இவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் குறைவு, ஆனால் மருந்து எழுதித் தரும் டாக்டர் அல்ல.

டிஏபிடி: ஆய்வுக்கூட, ஒழுங்குமுறை டாக்ஸிகாலஜி. எலிக்கு எவ்வளவு தாங்கும் என்று சொல்வார். உங்கள் மாமியாரைப் பார்க்க மாட்டார்.

‘டீடாக்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் இல்லை என்று அர்த்தம்.

பொதுவாசகன் · 13 அக்டோபர், காலை 10.31

கடைசி வரியை ஃபிரேம் போட்டு மாட்டணும்.

இரவுப்பணி · 14 அக்டோபர், அதிகாலை 3.50

கற்பூரக் கேள்விக்கு நேரடி பதில் விட்டுப்போச்சு.

கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வேகம் அதிகம். வலிப்பு பல நேரம் 5 முதல் 15 நிமிடத்திலேயே வந்துவிடும், அதற்கு முன் வாந்திகூட வராமல். ‘கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்பதற்கு இதில் இடமில்லை. அமெரிக்க நச்சு மையங்களின் வழிகாட்டியில் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போயிருந்தால் ஆஸ்பத்திரி. 12 கிலோ பிள்ளைக்கு அது 360 மில்லிகிராம். பூஜைக் கற்பூரத்தில் ஒரு கட்டியே அதைத் தாண்டும். முறிவு மருந்து கிடையாது. வலிப்பை நிறுத்த பென்சோடயசபீன், மூச்சுக்குக் காவல், அவ்வளவே. சளிக்கு என்று கைக்குழந்தை மூக்கில், நெஞ்சில் தேய்ப்பதையும் நிறுத்துங்கள்.

பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று தலைவலித் தைலம். அதில் மீதைல் சாலிசிலேட் உண்டு, ஆஸ்பிரினின் சொந்தக்காரன். கிட்டத்தட்ட முழுக்க அதுவேயான சுத்தமான வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, கிட்டத்தட்ட 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். கடைத் தைலங்களில் அளவு மாறும், லேபிளில் சதவீதம் போட்டிருப்பார்கள், அந்தச் சதவீதத்தைத்தான் டாக்டர் கேட்பார்.

அந்துருண்டை: நாஃப்தலீன் என்றால் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ள பிள்ளைக்கு ரத்தச் சிவப்பணு உடையும். உடனே தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று நாளில் கோப்பி நிறத்தில் சிறுநீர், மஞ்சள், சோர்வு. இங்கே 1965-லிருந்து பிறக்கும்போதே தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்க்கிறார்கள், முடிவு பிள்ளையின் ஹெல்த் புக்லெட்டில் இருக்கும். ஆகவே ஏ அண்ட் இ (அவசரப் பிரிவு) போகும்போது அந்தப் புத்தகமும்.

தீபாவளி வருது, விளக்கு எரியும் பொம்மை வீடு முழுக்க இருக்கும். பட்டன் பேட்டரி விழுங்கினால் அது விஷம் என்பதைவிட மின்சாரக் காயம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே ஆழமாக வெந்துவிடும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிறது என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன், அதிகபட்சம் ஆறு முறை, வழியிலேயே. தேன் தேடி வீட்டில் நிற்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழ் தேன் கிடையாது. வேறு எதற்கும் ‘வாயில் ஒன்றும் கொடுக்காதே’ என்கிறவர்கள் இதற்கு மட்டும் விலக்கு தருகிறார்கள்.

மருந்துச்சீட்டு · 14 அக்டோபர், காலை 9.12

பனடோல் (பாராசிட்டமால்) பற்றி யாரும் எழுதவில்லை. டாக்ஸிகாலஜியில் ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்ற வாக்கியம் அதிகம் ஏமாற்றுவது இதில்தான். முதல் நாள் முழுக்க ஒன்றுமே தெரியாது, கொஞ்சம் குமட்டல், அவ்வளவு. ஈரல் கெடுவது இரண்டாம், மூன்றாம் நாள்.

ஆகவே விழுங்கி 4 மணி நேரம் ஆனதும் ரத்தத்தில் அளவு பார்த்து, ரூமாக்-மேத்யூ கோட்டுப்படத்தில் (1975) வைத்துப் பார்ப்பார்கள். கோட்டுக்கு மேலே விழுந்தால் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து. 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். பழைய மூன்று பை முறை: கிலோவுக்கு 150 மில்லிகிராம் ஒரு மணி நேரத்தில், பிறகு 50 நாலு மணி நேரத்தில், பிறகு 100 பதினாறு மணி நேரத்தில், மொத்தம் 21 மணி. முதல் பை வேகமாகப் போவதால் அரிப்பு, சிவப்பு, இளைப்பு வரும். நிறுத்தி, மருந்து கொடுத்து, மெதுவாக மறுபடி ஆரம்பிப்பார்கள். ‘அலர்ஜி’ என்று சொல்லி அடுத்த முறை அந்த மருந்தையே மறுப்பதுதான் தப்பு. இரண்டு பை முறைகள் வந்ததும் இந்தத் தொல்லை குறைந்தது.

எங்கே கோணலாகும்: நேரம் பொய்யாக இருந்தால் கோட்டுப்படம் பொய். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சாப்பிட்டிருந்தால் கோட்டுப்படமே பொருந்தாது. 665 மில்லிகிராம் எக்ஸ்டெண்ட் வகை என்றால் ஒரு அளவு போதாது, 4 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். ‘பனடோல்’ என்று மட்டும் சொல்லாமல் எந்த நிறப் பெட்டி என்றும் சொல்லுங்கள்.

இரவுப்பணி · 14 அக்டோபர், காலை 9.40

அதோடு இது. வேண்டுமென்றே சாப்பிட்டதை வீட்டார் ‘தெரியாமல் எடுத்துட்டார்’ என்று மாற்றிச் சொல்வது போலீஸ் பயத்தில். 2020 ஜனவரி 1 முதல் இங்கே தற்கொலை முயற்சி குற்றமே இல்லை. எண்ணிக்கையையும் நேரத்தையும் மறைப்பதால் கெடுவது நோயாளியின் ஈரல் மட்டும். யாருக்காவது பேச ஆள் வேண்டும் என்றால் எஸ்ஓஎஸ் 1767, மைண்ட்லைன் 1771, இரண்டும் 24 மணி நேரமும்.

ஜூரோங் சேஃப்டி · 15 அக்டோபர், இரவு 8.25

செந்தூரத்துக்கு வருகிறேன். அதில் ஈயம், பாதரசம் மாதிரி உலோகம் இருக்கலாம் என்பதுதான் கவலை. இது அவசரப் பிரிவு வேலை இல்லை. ஏ அண்ட் இ போய் ‘ஈயம் பார்க்கணும்’ என்றால் அவசரம் குறைந்தவர்களுக்கான பி3, பி4 வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்து, பாலிகிளினிக் போங்கள் என்ற கடிதத்தோடு திரும்புவீர்கள். விதிவிலக்கு: கடும் வயிற்றுவலி, குழப்பம், வலிப்பு, கைகால் விழுவது. அப்போது நேரே ஏ அண்ட் இ.

மற்றபடி பாலிகிளினிக் அல்லது சாஸ் மானியத் திட்டத்தில் உள்ள ஜிபி (குடும்ப டாக்டர்), அங்கிருந்து பரிந்துரைக் கடிதம். மானியக் கட்டணம் வேண்டுமென்றால் அந்தக் கடிதம் இல்லாமல் நடக்காது. சிங்கப்பூரில் உலோக நச்சைத் தினப்படி பார்க்கும் துறை தொழில்சார் மருத்துவம், அதாவது ஆக்குபேஷனல் மெடிசின்; அது பதிவேட்டிலேயே தனிச் சிறப்புத் துறையாக இருக்கிறது. ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம், பென்சீன் வேலைகளில் இருப்பவர்களுக்கு மனிதவள அமைச்சின் விதிப்படி மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அதைச் செய்ய அமைச்சிடம் பதிந்த பணியிட மருத்துவர்கள் உண்டு, பட்டியல் அமைச்சுத் தளத்தில். உங்கள் மாமியார் தொழிலாளி இல்லை, ஆனால் எந்தக் குழாயில் ரத்தம் எடுப்பது, எந்த லேபுக்கு அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியும். பாதி வேலை அதுதான்.

கடிதத்தில் ‘செக்-அப்’ என்று எழுதவிடாதீர்கள். மருந்தின் பெயர், தயாரித்த இடம், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை மாதமாக, அறிகுறி என்ன, ஹீமோகுளோபினும் கிரியேட்டினினும் எவ்வளவு. ஐந்து வரி போதும்.

பிடோக் வாசகி · 15 அக்டோபர், இரவு 9.03

மருந்து சுத்தமானது, கலப்படம் இல்லை என்று வைத்தியர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

மருந்துச்சீட்டு · 15 அக்டோபர், இரவு 9.30

ரசம் சேர்த்த செந்தூரத்தில் பாதரசம் கலப்படம் அல்ல, மூலப்பொருளே அதுதான். அயச் செந்தூரம் என்றால் இரும்பு, கதை வேறு. ஆகவே சுத்தம் என்ற சான்றிதழ் இங்கே பதில் சொல்லாது, எந்தச் செந்தூரம் என்பதுதான் கேள்வி. எச்எஸ்ஏ (மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சுகாதார அறிவியல் ஆணையம்) பாரம்பரிய மருந்துகளுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு பாதரசத்துக்கு 0.5 பிபிஎம், ஆர்செனிக்குக்கு 5 பிபிஎம். ரச மருந்து அந்த அளவுக்குள் நிற்க வழியே இல்லை. பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், மீதியோடு டாக்டரிடம் கொடுங்கள்.

ஜூரோங் சேஃப்டி · 16 அக்டோபர், காலை 7.55

பரிசோதனையில் காசு வீணாகும் இடங்கள்:

முடிப் பரிசோதனை. ஷாம்பூ, சாயம், தூசி எல்லாம் அதில் ஏறும். ஒரு ஆளின் சிகிச்சையை அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

மருந்து கொடுத்துவிட்டுச் சிறுநீர் எடுப்பது. உலோகத்தை இழுக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆரோக்கியமான ஆளிடமும் உலோகம் வரும். அந்த எண்ணைச் சாதாரண ஆளின் அளவோடு ஒப்பிட்டு ‘அதிகம்’ என்று சிவப்பில் அடித்துத் தருவார்கள். அமெரிக்க மெடிக்கல் டாக்ஸிகாலஜி கல்லூரி இந்த முறையை ஏற்கவில்லை என்று அறிக்கையே வெளியிட்டது. இதை முதல் சந்திப்பிலேயே பரிந்துரைக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஆர்செனிக். மீன், இறால், நண்டு சாப்பிட்டால் ஆபத்தில்லாத வகை ஆர்செனிக் சிறுநீரில் எகிறும். நாலைந்து நாள் கடல் உணவை நிறுத்திவிட்டுக் கொடுங்கள், அல்லது வகை பிரித்துச் சொல்லும் பரிசோதனையைக் கேளுங்கள். மீன் தலைக் கறி சாப்பிட்ட மறுநாள் கொடுத்துவிட்டு மாமியாருக்கு யாரோ விஷம் வைத்தார்கள் என்று குடும்பச் சண்டை வேண்டாம்.

பாதரசம். ரத்தத்தில் தெரிவது பெரும்பாலும் மீனிலிருந்து வந்தது. செந்தூரத்துப் பாதரசத்துக்கு 24 மணி நேரச் சிறுநீர் நல்ல சாட்சி.

ஈயம். முழு ரத்தம், நரம்பிலிருந்து. விரல் நுனியில் குத்தி எடுத்தது அதிகமாக வந்தால் தோலில் இருந்த ஈயமாகக்கூட இருக்கலாம், மறுபடி நரம்பில் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

இரவுப்பணி · 16 அக்டோபர், இரவு 11.58

எண் அதிகமாக வந்துவிட்டது என்று யாராவது உடனே ட்ரிப் ஏற்றக் கிளம்பினால்: முதல் சிகிச்சை செந்தூரத்தை நிறுத்துவது. உலோகத்தை இழுக்கும் மருந்துக்கு அளவுகோல் உண்டு. ஈயத்துக்குப் பிள்ளைகளில் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமிலிருந்து. அப்படி இழுக்கும் மருந்தான இடிடிஏவில் கால்சியம் சேர்த்த வகையும் சோடியம் மட்டும் உள்ள வகையும் பெயரில் இரட்டைப் பிள்ளைகள். 2005-ல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுப் பையனுக்கு இரண்டாவது வகை போய், ரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்தான்.

பொதுவாசகன் · 17 அக்டோபர், மதியம் 12.44

இவ்வளவு அரிதான வேலைக்குத் தனி டாக்டர் எதற்கு? ஐசியு பார்த்துக்கொள்ளாதா?

மருந்துச்சீட்டு · 17 அக்டோபர், மாலை 4.10

2008 போதும் பதிலுக்கு. அந்த வருடம் ஜனவரியிலிருந்து மே வரை சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், ஒருவர் தவிர எல்லாரும் ஆண்கள், சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி இங்கே ஐந்து பொது ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். நாலு பேர் இறந்தார்கள். காரணம், சட்டவிரோத ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மாத்திரை கலந்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ‘காரணம் தெரியாத சர்க்கரை இறக்கம்’. சேர்த்துப் பார்த்தால்தான் நச்சு.

சிகிச்சையிலும் கண்ணி உண்டு. குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் ஏறும், அந்தக் குளுக்கோஸே கணையத்தை மறுபடி உசுப்பி இன்சுலினைக் கொட்ட வைக்கும், திரும்ப இறங்கும். ஆக்ட்ரியோடைட் போட்டு இன்சுலின் சுரப்பதையே அடக்க வேண்டும். தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினால் இரவில் மறுபடி மயங்குவார். வெட்கப்பட்டு ‘ஒன்றும் சாப்பிடலை’ என்பவர்தான் இதில் மாட்டுகிறவர்.

பாதி_அமெரிக்கா · 18 அக்டோபர், காலை 11.00

தீபாவளிக்கு ஜோகூர் பாரு, பினாங்கு, ஊர் என்று கிளம்புகிறவர்களுக்கு. மலேசியாவில் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம்: 1800 88 8099, மலேசியாவுக்குள் இலவசம். பாம்புக்கடிக்கு அங்கே எமர்ஜென்சி டாக்டர்களே சேர்ந்து நடத்தும் ஆலோசனைச் சேவை உண்டு, ஆஸ்பத்திரி டாக்டர் அவர்களைக் கூப்பிடுவார், நீங்கள் இல்லை. இந்தியாவில் டெல்லி எய்ம்ஸ் தேசிய நச்சுத் தகவல் மையம்: 1800 116 117. தமிழ்நாட்டில் சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையும் வேலூர் சிஎம்சியும் பூச்சி மருந்து, மஞ்சள் அரளி விதை, ஒடுவன் தழை எல்லாம் சலிக்கப் பார்த்த இடங்கள். பட்டம் இல்லாவிட்டாலும் கை பழகியவர்கள். அரளிக்கு டிஜாக்சின் அளவு பார்த்தால் கொஞ்சம் காட்டும், ஆனால் அந்த எண் விஷத்தின் அளவு அல்ல. ஈசிஜியும் பொட்டாசியமும்தான் வழிகாட்டி.

இரவுப்பணி · 18 அக்டோபர், மதியம் 1.15

பாம்பு பற்றி: இங்கத்து ஆள் கருநிறத் துப்பும் நாகம், கோயில் விரியன், கடலோர மாங்குரோவ் விரியன். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைப் பிடித்து வராதீர்கள். தூரத்திலிருந்து ஒரு படம் போதும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடும் நேரமும் போட்டுக்கொண்டே வாருங்கள். விஷமுறிவு மருந்து வேண்டுமா என்று முடிவு செய்ய அந்தக் கோடுகள் உதவும். இந்திய மருந்து நாலு இந்தியப் பாம்புகளின் விஷத்தில் செய்தது, ஊரிலிருந்து வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைப்பதில் அர்த்தமில்லை. பிள்ளைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு ஒன்றே. எடையைப் பார்த்துக் குறைப்பதில்லை, பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே.

பொதுவாசகன் · 21 அக்டோபர், இரவு 10.20

பையன்கள் இழுக்கும் கேபாட் வேப்? சிறுநீர்ப் பரிசோதனை சுத்தம் என்று வந்தால் நிம்மதியா?

இரவுப்பணி · 22 அக்டோபர், அதிகாலை 4.35

இல்லை. ஆஸ்பத்திரியின் சாதாரணச் சிறுநீர்ப் பட்டை அந்த வேப்பில் இருக்கும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைப் பிடிக்காது. பட்டை சுத்தம் என்றால் பட்டையில் உள்ளவை இல்லை என்று மட்டும்தான். எட்டோமிடேட்டை 2025 செப்டம்பர் 1-ல் போதைப்பொருள் சட்டத்தில் ‘சி’ வகுப்பில் சேர்த்தார்கள். தொடர்ந்து இழுப்பவருக்கு அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் தயாரிப்பதைத் தடுக்கும், பொட்டாசியம் இறங்கும். ஆகவே தள்ளாடி வந்த பையனுக்குப் பொட்டாசியமும் கார்ட்டிசாலும் பார்ப்பவர் டாக்ஸிகாலஜி தெரிந்தவர் என்று ஊகிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கசகசா போட்ட குருமா சாப்பிட்டுவிட்டு ஓபியம் வகைப் பரிசோதனையில் மாட்டலாம். இங்கே கசகசா தடைப் பொருள், ஊரிலிருந்து மசாலா பொட்டலத்தோடு கொண்டுவருவதையும் விட்டுவிடுங்கள்.

பிடோக் வாசகி · 24 அக்டோபர், மாலை 5.15

கற்பூரம் மேல் அலமாரிக்குப் போயாச்சு, பூட்டோடு. மாமியாருக்குக் கடிதம் வாங்கியாச்சு, அடுத்த வாரம் சந்திப்பு. செந்தூரம் ரசமா அயமா என்று பொட்டலத்தில் இல்லை, வைத்தியருக்குப் போன் போட்டால் ‘அது ரகசியம்’ என்கிறார். வெறும் வயிற்றில் போகணுமா?

ஜூரோங் சேஃப்டி · 24 அக்டோபர், மாலை 6.02

ஈயத்துக்கு வெறும் வயிறு வேண்டாம். சிறுநீர்க் கலனை லேபிலேயே வாங்குங்கள், வீட்டு ஊறுகாய் ஜாடி ஆகாது. முதல் நாள் காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரம் குறித்து, மறுநாள் அதே நேரம் வரும் சிறுநீர் வரை எல்லாம் கலனுக்குள். ஒரு தடவை விட்டுப் போனால் மறுபடி முதலிலிருந்து. ரகசிய மருந்து என்று டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், ஈயம், பாதரசம், ஆர்செனிக் மூன்றுக்கும் எழுதிவிடுவார். மீன் இன்றோடு நிறுத்தம்.